பைய எடுங்க, டீச்சர்

பாங்கு மேனேஜர் வந்தால் எழுந்து நிற்பார்கள். மில் மேனேஜரின் கார் கேட்டுக்குள் நுழைந்தால் வாட்ச்மேன் விறைத்துக்கொண்டு சல்யூட் அடிப்பார். சினிமாக் கொட்டகை மேனேஜரைத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில்கூட ஒரு பெருமை உண்டு. இந்தப் பூமியில் மேனேஜர் என்ற வார்த்தைக்கு மரியாதை இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது பெண்கள் கால்பந்து அணி. அங்கே மேனேஜர் என்றால் பை தூக்குகிறவள்.

என்ன பை என்று கேட்பீர்கள். காக்கி கான்வாஸ் பை. பஞ்சு, டிஞ்சர் பாட்டில், கட்டுத்துணி, ஊக்கு, குளுக்கோஸ், எலுமிச்சம்பழம், அதை அறுக்க ஒரு கத்தி, வயசுப் பிள்ளைகளுக்குத் திடீரென்று தேவைப்படுகிற துணி, எல்லாம் அதற்குள் கிடக்கும். பெண்பிள்ளைகளை வெளியூருக்குக் கூட்டிப்போனால் கூடவே ஒரு பொம்பளை போக வேண்டும் என்பது கால்பந்துச் சங்கத்து விதி. போகிற பொம்பளைக்கு ஏதாவது ஒரு பெயர் வைக்க வேண்டுமே என்று 'லேடி மேனேஜர்' என்று வைத்தார்கள். வருஷக்கணக்காக அந்தப் பையைத் தூக்கியவள் நான்.

என் பெயர் ஜெபகனி. பாளையங்கோட்டைக்காரி. விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். இவ்வளவு சொன்னாலே பை தூக்க லாயக்கானவள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவர்கள் கேட்காததையும் சொல்கிறேன். எழுபத்தொன்பதிலிருந்து ஐந்து வருஷம் தமிழ்நாடு பெண்கள் அணிக்கு நடுக்களத்தில் ஆடியவள் நான். எங்க அப்பா வேதநாயகம் மிஷன் ஆபீஸில் கிளார்க். "என்ன வேதநாயகம், பொம்பளப் பிள்ளைய அரை டவுசர் போட்டு ஓட விட்டிருக்கியளே" என்று கோயில் வாசலில் வைத்தே கேட்பார்கள். "கால் கர்த்தர் குடுத்தது. எதுக்குக் குடுத்தாருன்னு அவருகிட்டக் கேளுங்க" என்பார் அப்பா. அப்பா மாதிரி நாலு பேர் சங்கத்தில் இருந்திருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

எண்பத்திரண்டில் கொச்சிக்கு ஜப்பானிலிருந்து ஒரு கம்பெனி அணி வந்தது. எல்லாரும் அந்தக் கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள். பகலில் வேலை, சாயங்காலம் பந்து. அவர்களோடு எங்களுக்கு ஒரு நட்பு ஆட்டம். நாங்கள் விசில் ஊதினதிலிருந்து கண்மண் தெரியாமல் ஓடினோம். கூட்டம் கைதட்டியது. எதிரணியில் ஆறாம் நம்பர் ஒருத்தி. ஓமுரா என்று பெயர். குட்டைப் பெண், ஒட்ட வெட்டின முடி. அவள் ஓடவே இல்லை. நடுவில் நின்றுகொண்டு ஒரே ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "யுக்குரி, யுக்குரி." அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் பந்து பின்னால் போகும், பக்கத்தில் போகும், கோல்கீப்பர் வரைக்கும் போகும். நாங்கள் அதன் பின்னாலேயே ஓடுவோம். கடைசிக் கால் மணி நேரத்தில் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அப்போதுதான் அவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். மூன்று கோல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

அவர்களுக்கு மொழிபெயர்க்க வந்திருந்த மலையாளி மனுஷனிடம் கேட்டேன், யுக்குரி என்றால் என்ன என்று. "பய்யெ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, நம்ம பைய. எங்க ஊரில் மெதுவாக என்று யார் சொல்கிறார்கள்? பைய நட, பைய பேசு, படித்துறை வழுக்கும், பைய இறங்கு. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த வார்த்தைக்குள் இவ்வளவு பெரிய ஆட்டம் இருப்பது தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறோம். எனக்குக் கால்பந்து புரிந்தது அன்றைக்குத்தான்.

புரிந்து என்ன செய்ய? எண்பத்து நாலில் கல்யாணம் ஆனது. மாநில அணியிலிருந்து பெயர் போனது. ஏன் என்று கேட்டேன். "அதான் கல்யாணம் ஆயிட்டுல்லா" என்றார்கள். கல்யாணம் ஆன ஆண்பிள்ளைகளுக்குக் கால் எப்படி இருக்குமோ அப்படித்தான் எனக்கும் இருந்தது. அதை யாரிடம் போய்க் காட்ட?

பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும் நானே ஓர் அணியை உண்டாக்கினேன். எல்லாம் மில் தொழிலாளிகளின் பிள்ளைகள். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சைக்கிளைச் சாத்தினதும் அதை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்கு வந்துவிடுவார்கள். நூல் மில்லில் அறுந்த இழையைப் பிடித்து முடிகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்பதாலோ என்னவோ, பந்தை விடாமல் வைத்திருப்பது அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. நான் "பைய" என்றால் பந்து பின்னால் போகும், நான் சொல்லுகிறவரை ஒருத்தியும் முன்னால் போக மாட்டாள். கேப்டன் பிருந்தாவுக்கு நான் சொல்லக்கூட வேண்டாம், கழுத்தைத் திருப்பினால் போதும். மாவட்ட அணியில் முக்கால்வாசி என் பிள்ளைகள்தான்.

ஆனால் மாவட்ட அணியின் கோச் நான் இல்லை. கோச் தேவசிகாமணி சார். பாளையங்கோட்டையில் ஓர் ஆண்கள் பள்ளியில் பி.டி. மாஸ்டர். குறை சொல்லக் கூடாது, பூப்பந்தில் நல்ல ஆட்டக்காரர். கால்பந்தில், பந்து உருண்டையாக இருக்கும் என்பது வரை தெரியும். ஆட்டத்தின் நடுவே என் காதோரம் குனிந்து, "டீச்சர், இப்பம் எதுக்கு விசில் ஊதுதான்?" என்று கேட்பார். ஆப்சைடு என்பேன். தலையை ஆட்டிவிட்டுக் கோட்டோரம் போய் நின்று, "ஓடு, ஓடு" என்று கத்துவார். அவருடைய பயிற்சி முழுவதும் அந்த ஒரு வார்த்தைதான். ஜெயித்தால் பேப்பரில் படம் வரும். நடுவில் நாற்காலி போட்டு அவர் இருப்பார். ஓரத்தில் பையோடு நான் நிற்பேன், பாதி வெட்டுப்பட்டு.

தொண்ணூற்றாறில் மாநிலப் போட்டியைப் பாளையங்கோட்டையிலேயே நடத்துவது என்று முடிவானது. அதைப் பற்றிப் பேச, மாவட்டச் சங்கச் செயலாளர் அம்பலவாணன் அண்ணாச்சி டவுணில் இருக்கும் தன் பாத்திரக்கடைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். அண்ணாச்சிக்குக் கல்யாண வீடு என்றால் மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், சாவு வீடு என்றால் பிணமாக இருக்க வேண்டும். மாவட்டத்தில் எந்தச் சங்கமானாலும் செயலாளர் அவர்தான்.

தேவசிகாமணி சார் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தார்.

"பாத்தியளா டீச்சர்? 'ஜப்பானில் பெண்கள் அணிக்கு மேனேஜராக முன்னாள் வீராங்கனை நியமனம்.' ஜப்பான்காரனே பொம்பளைய மேனேஜராத்தான் போட்டிருக்கான். நீங்க என்னமோ நம்ம ஊர மட்டும் கொற சொல்லுதிய."

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். நாலே வரி. தபால்தலை அளவில் ஒரு படம். ஒட்ட வெட்டின முடி, அதே முகம். ஓமுரா. கம்பெனி அணியில் ஆடி, நாட்டு அணிக்கு ஆடி, இப்போது மேனேஜர். எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான் என்று சொல்ல ஆசை. பொறாமையிலும்தான்.

"சார், அங்க மேனேஜர்னா அணியே அவ கையில. யாரு ஆடணும், எப்படி ஆடணும், யார வெளிய எடுக்கணும், எல்லாம் அவதான் சொல்லுவா. கோச்சே அவளுக்குக் கீழதான்."

"சும்மா இருங்க டீச்சர்" என்றார் அவர். "அப்பம் பைய யாரு தூக்குவா?"

கேலிக்குக் கேட்கவில்லை. மனுஷனுக்கு நிஜமாகவே சந்தேகம். கேலிக்குக் கேட்டிருந்தால் நானும் திருப்பி ஒன்று சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

நான் அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். "அண்ணாச்சி, இந்தத் தடவ கோச்சுன்னு என் பேரப் போடுங்க." எதற்கு அந்த வருஷம் கேட்டேன் என்றால், மாநிலப் போட்டியில் ஜெயிக்கிற மாவட்டத்தின் கோச்தான் தமிழ்நாடு ஜூனியர் அணிக்குக் கோச்சாகி ஒரிஸ்ஸாவில் தேசியப் போட்டிக்குப் போவார். என் பிள்ளைகள் ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோட்டோரத்தில் நின்று ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆடுவதை நிறுத்தின நாளிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"கேட்டியளா வே" என்று தேவசிகாமணியைப் பார்த்துச் சிரித்தார் அண்ணாச்சி. பிறகு என்னிடம், "பொட்டப் பிள்ளையளக் கூட்டிக்கிட்டு நாலு ஊரு தாண்டிப் போகணும். ஆம்பள தொண வேண்டாமா டீச்சரம்மா?"

"அப்பம் மேனேஜர் எதுக்குப் பொம்பள, அண்ணாச்சி?"

"அதுவும் வேணும்லா. பிள்ளையள் காரியம் பாக்க."

"ஜப்பான்ல..."

"அது அங்கன. இது இங்கன." ஒரு செம்பை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். "சங்கடப்படாதிய. மொதல்ல ஜெயிச்சுக் காட்டுங்க. பெறகு கோச்சு யாருன்னு ஒரு முடிவு எடுப்போம். நான் வாக்குச் சொன்னா வாக்கு."

நம்பினேன். பாத்திரக்கடையில் கொடுத்த வாக்கு, தட்டிப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.

இறுதி ஆட்டம் வ.உ.சி. மைதானத்தில். எதிரணி சென்னை. மெட்ராஸ் என்ற பெயர் மாறின புதிது, அந்தப் பிள்ளைகள் பனியனில் புதுப்பெயர் பளபளத்தது. கோட்டோரத்தில் தேவசிகாமணி சாருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி. போட்டி விதிப்படி கோச் எழுந்து கோட்டோரம் நின்று பேசலாம். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது, பேசவும் கூடாது.

ஆரம்பத்திலேயே பிருந்தா ஒரு கோல் போட்டாள். அதோடு தேவசிகாமணி சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஓடு, ஓடு" என்று கோட்டோரம் குதித்தார். கோச் சொல்கிறாரே என்று பிள்ளைகள் ஓடினார்கள். வெயில் வேறு. அரை மணி நேரத்தில் முகமெல்லாம் சிவந்து, இடுப்பில் கைவைத்து நிற்க ஆரம்பித்தார்கள். கொச்சியில் நாங்கள் நின்ற அதே நிலை. என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து, "பிருந்தா, ஓடாத, பின்னால போடு" என்று கத்திவிட்டேன். நடுவர் சென்னைக்காரர். விசிலை ஊதி ஆட்டத்தையே நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"மேடம், நீங்க மேனேஜர். கோச் மட்டும்தான் பேசலாம். இன்னொரு தடவை எழுந்தீங்கன்னா கிரவுண்டுக்கு வெளியே அனுப்பிடுவேன்."

அவர் விதிப்படி பேசினார், அவர்மேல் கோபம் இல்லை. பக்கத்தில் நின்ற தேவசிகாமணி சார், "உக்காருங்க டீச்சர், உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு" என்றாரே, அதைத்தான் இன்று வரை என்னால் விழுங்க முடியவில்லை. பத்து நிமிஷத்தில் சென்னைக்காரப் பிள்ளைகள் ஒரு கோல் திருப்பினார்கள்.

இடைவேளையில் எலுமிச்சைத் துண்டு கொடுப்பது மேனேஜர் வேலை. அதற்கு எனக்கு உரிமை இருந்தது. ஒவ்வொருத்தி வாயிலும் ஒரு துண்டை வைத்தேன், கூடவே காதில் ஒரு வார்த்தையும். தேவசிகாமணி சார் பின்னால் நின்று, "நல்லா ஓடணும், என்ன?" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்.

இரண்டாம் பாதியில் மறுபடி அதே கதை. அவர் கத்த, பிள்ளைகள் தடுமாற, பந்து எங்கள் கோல் பக்கமே சுற்றியது. எழுந்தால் வெளியே போக வேண்டும். வெளியே போனால் பிருந்தா யார் முகத்தைப் பார்ப்பாள்? நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தேன்.

"பைய."

பிருந்தா நின்றாள். பந்து பின்னால் போனது.

நடுவர் திரும்பிப் பார்த்தார். "என்ன சத்தம் அங்கே?"

நான் வாயைத் திறக்குமுன் தேவசிகாமணி சார் பதில் சொல்லிவிட்டார். "ஒண்ணுமில்ல சார். பைய கேக்குதாங்க. மருந்துப் பை." சொல்லிவிட்டு, நாற்காலிக்கு அந்தப் பக்கம் கிடந்த காக்கிப் பையைக் காலால் என் பக்கம் தள்ளினார். "இந்தா இருக்கு டீச்சர். சும்மா கத்தாதிய."

பேச்சில் பையை என்று யார் இழுத்துச் சொல்கிறார்கள், பைய என்றுதான் வரும். சென்னை நடுவருக்கு அது தெரியாததில் தப்பில்லை. ஆனால் இந்த மனுஷன் பிறந்தது இதே பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில். தாய்ப்பாலோடு குடித்த வார்த்தை. காலையில் அவரே தன் ஸ்கூட்டரில் ஏறின பையனிடம், "பைய ஏறுலே" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். வேறு யார் சொன்னாலும் அவருக்குப் பைய என்றால் மெதுவாகத்தான். நான் சொன்னால் மட்டும் அது பை. நான் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவேன் என்பது அவர் மண்டைக்குள் நுழைய இடமே இல்லை. அந்தத் தப்புதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் அதிகமாகப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் எனக்கு என்ன தடை? "பைய" என்பேன். பந்து பிருந்தாவிடமிருந்து பின்னால், அங்கிருந்து பக்கத்தில், அங்கிருந்து கோல்கீப்பரிடம். சென்னைப் பிள்ளைகள் அதைத் துரத்தித் துரத்தி ஓடினார்கள். தேவசிகாமணி சார், "என்ன டீச்சர், பைதான் மடியிலேயே இருக்கே" என்று எரிச்சல்பட்டார். நான் பையைத் திறந்து பஞ்சை எடுத்தேன், உள்ளே வைத்தேன், மறுபடி "பைய" என்றேன். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் சென்னை அணிக்கு நாக்குத் தள்ளியது கண்ணுக்கே தெரிந்தது. அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. பிருந்தா என்னைப் பார்த்தாள். கழுத்தைக் கோல் பக்கம் திருப்பினேன். இரண்டு பேரைத் தாண்டிப் போய் அடித்தாள். இரண்டுக்கு ஒன்று. ஜெயித்தோம்.

பரிசளிப்பு மேடையில் அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "சென்னைய மண்ணக் கவ்வ வச்ச நம்ம கோச் தேவசிகாமணி அவர்கள்" என்று ஆரம்பித்து, பொன்னாடை போர்த்தி, தமிழ்நாடு அணியையும் அவரே ஒரிஸ்ஸாவுக்குக் கூட்டிப்போவார் என்று அறிவித்தார். சார் ஏற்புரையில், "அமைதியா, நிதானமா ஆடணும்னு நான் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்திருந்தேன்" என்றார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. பிறகு, "பெத்த தாய் மாதிரி பிள்ளையளக் கவனிச்சிக்கிட்ட லேடி மேனேஜர்" என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். அல்வா கொடுத்தார்கள். உவமைக்குச் சொல்லவில்லை, நிஜ அல்வா, அரைக் கிலோ, எண்ணெய் ஊறின காகிதத்தில் கட்டி.

மறுநாள் அந்தப் பொட்டலத்தோடு பாத்திரக்கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, ஜெயிச்சா கோச்சு யாருன்னு முடிவு எடுப்போம்னு சொன்னிய."

"ஆமா, எடுத்தோம்லா. சாருதான் கோச்சுன்னு." முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "நீங்களும் போறியள்ளா டீச்சரம்மா, மேனேஜரா. பெறகு என்ன?"

பொட்டலத்தை அவர் செம்புகளுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன், ஆத்திரத்தில். போகக் கூடாது என்றுதான் முடிவு செய்திருந்தேன். என் வீட்டுக்காரர் தேவதாசனும், "போவாத, அவனுவளே பைய தூக்கட்டும்" என்றார். ஆனால் அன்று சாயங்காலமே பிருந்தாவின் அப்பா சிவசண்முகம் வீட்டுக்கு வந்துவிட்டார். ஷிப்ட் முடிந்த கையோடு, தலையில் பஞ்சோடு. "டீச்சர், நீங்க போனா பிள்ளைய அனுப்புதேன். நீங்க இல்லன்னா அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன். மத்த வீட்டுலயும் அதத்தான் சொல்லுதாங்க." அவர் போன பிறகும் வாசலிலேயே நின்றேன். ஓர் அணியே என் சேலைத்தலைப்பில் முடிந்து கிடக்கிறது, எனக்கு அல்வா கொடுத்தார்கள்.

"போறேன்" என்றேன் தேவதாசனிடம்.

மற்ற மாவட்டங்களிலிருந்து தேர்வான சில பிள்ளைகளும் வந்து சேர, பாளையங்கோட்டையில் பயிற்சி முகாம் நடந்தது. காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேவசிகாமணி சார் பள்ளிக்கூடம் போய்விடுவார். பயிற்சி கொடுத்தது நான். சென்னையிலிருந்து வந்த கோல்கீப்பர் பெண் முதல் நாள், "எந்தப் பை மிஸ்?" என்று கேட்டாள். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். முகாம் முடியும்போது அவளும், "பைய போடுடி" என்று பேச ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு வாரத்தில் புரிந்தது.

ஒரிஸ்ஸாவுக்குப் புறப்படுகிற சாயங்காலம் திருநெல்வேலி ஜங்ஷனில் பிள்ளைகளை வழியனுப்பக் கூட்டம். அம்மா, அப்பா, தம்பி, தங்கை, புளியோதரைப் பொட்டலம், திருநீறு, ஜெபம், எல்லாம். அண்ணாச்சி மாலையோடு வந்திருந்தார். தேவசிகாமணி சார் மாலையைப் போட்டுக்கொண்டு, முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார். பிளாட்பாரத்தில் காக்கிப் பை கிடந்தது.

ஜன்னல் வழியே குனிந்து என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், பைய எடுங்க. சிக்னல் விழுந்துட்டு."

அந்த நிமிஷம் வரை நான் ஒன்றும் திட்டம் போட்டிருக்கவில்லை. பையைப் பார்த்தேன். ஜன்னலில் தெரிந்த மாலையைப் பார்த்தேன். பிருந்தா படியில் ஒரு காலை வைத்து ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி" என்றேன். "பைய."

பிருந்தா காலைக் கீழே எடுத்துவிட்டாள். பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். உள்ளே ஏறியிருந்த இரண்டு பேர் இறங்கி வந்தார்கள், அதில் ஒருத்தி அந்தச் சென்னைப் பெண். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பந்து காலில் இருக்கும்போது எப்படி நிற்பார்களோ அப்படி.

அண்ணாச்சி வேகமாக வந்தார். "என்ன டீச்சரம்மா, வண்டிய எடுக்கப் போறான். பிள்ளையள ஏறச் சொல்லுங்க."

"கோச்சு உள்ள இருக்காருல்லா அண்ணாச்சி. அவரு சொன்னா ஏறுவாங்க. சொல்லச் சொல்லுங்க."

தேவசிகாமணி சார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "ஏய், என்ன நிக்குதிய? ஏறுங்க. ஓடு, ஓடு."

ஒருத்தியும் அசையவில்லை. அவர் இன்னொரு தடவை கத்தினார். பிளாட்பாரத்துக் கூட்டம் முழுவதும் இப்போது எங்களைத்தான் பார்த்தது. அண்ணாச்சி பிருந்தாவின் அப்பாவைப் பிடித்தார். "நீராவது சொல்லும் வே, உம்ம பிள்ளைதானே."

"டீச்சர் ஏறாம எப்படி அண்ணாச்சி அனுப்ப?" என்றார் சிவசண்முகம்.

அண்ணாச்சிக்கு வேர்த்துக் கொட்டியது. கார்டு பச்சைக்கொடியைப் பிரித்துக்கொண்டிருந்தார். "இப்பம் என்னதான் செய்யணுங்கிய?"

"கோச்சுன்னு என் பேரு எழுதணும்."

"சரி சரி, அங்க போயி எறங்குன ஒடனே போன் போட்டு..."

"இங்கன எழுதுங்க. இப்பமே." ரயில் பெட்டியின் சுவரைக் காட்டினேன். "அங்கன வேற, இங்கன வேறன்னு நீங்கதான சொன்னிய."

ஜெயித்த மாவட்டத்துச் செயலாளர் எழுதிக்கொடுக்கிற அணிப் பெயர்ப்பட்டியலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அந்தச் சுவரிலேயே வைத்து, தேவசிகாமணி பெயரை அடித்து என் பெயரை எழுதினார். பேனா தகரத்தில் வழுக்கியது. எழுதி முடித்துவிட்டு, அவசரத்தில் அவரும் விதியை மறக்கவில்லை. "அப்பம் மேனேஜர்னு யாரப் போட?"

"சாரப் போடுங்க" என்றேன். "ஜப்பான்ல அது ரொம்பப் பெரிய வேல."

எழுதினார். நான் தாளை வாங்கி ஒரு தடவை படித்துவிட்டு, "ஏறுங்கட்டி" என்றேன். பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறினார்கள். பிருந்தாவின் அம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ்நாட்டுக்கு ஐந்து வருஷம் ஆடினேன், அதற்கு யாரும் கோச் என்று எழுதவில்லை. ஓர் அணியை வளர்த்தேன், சென்னையை ஜெயித்தேன், அதற்கும் எழுதவில்லை. ரயில் புறப்படப் போகிறது என்பதற்காக எழுதினார்கள். தகுதிக்குக் கிடைக்காதது பச்சைக்கொடிக்குக் கிடைத்தது. அந்த ஆத்திரம் ஒரிஸ்ஸா வரைக்கும் என்னோடு வந்தது, இப்போதும் இருக்கிறது.

படியில் ஏறித் திரும்பினேன். காக்கிப் பை பிளாட்பாரத்திலேயே கிடந்தது. அண்ணாச்சியும் அதைப் பார்த்தார். ஜன்னலைத் தட்டினார்.

"என்ன வே பாத்துக்கிட்டு இருக்கீரு? பைய எடும்."

தேவசிகாமணி சார் மாலையோடு இறங்கினார். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதைத் தூக்கிப் பார்த்திராததால் கனம் தெரியவில்லை. ஒற்றைக் கையால் வெடுக்கென்று இழுத்தார். பை படியில் மோதியது, உள்ளே கண்ணாடி கலகலத்தது.

"பைய, சார்" என்றேன். "உள்ள பாட்டில் கெடக்கு."